நிழலை அளக்காதீர்கள்: கண்வழியே மூளை அழுத்தம் பார்ப்பதில் நேரும் தவறுகள்

போன வாரம் நைட் டூட்டியில், புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர் ஓடிவந்து, "சார், 6.4 வருது, மானிட்டால் போட்டுடலாமா?" என்றார். ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் பைக் வழுக்கி விழுந்த பையன். கண் மேல் அல்ட்ராசவுண்ட் வைத்து அளந்த பார்வை நரம்பு உறையின் விட்டம்தான் அந்த 6.4 மி.மீ.; மானிட்டால் என்பது உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றி மூளை அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. ஸ்கிரீனைப் பார்த்தேன். அவர் அளந்திருந்தது நரம்பின் உறையை அல்ல, நிழலை. பல வருஷம் முன்னால் நான் செய்த அதே தவறு. ஜெல் நிறைய வையுங்கள் போன்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

மண்டையில் துளை போட்டு, மூளைக்குள் இருக்கும் நீர் அறையான வென்ட்ரிக்கிளில் டியூப் வைத்துப் பார்ப்பதுதான் மூளை அழுத்தத்தின் உண்மையான அளவு. அதற்கு நியூரோ சர்ஜன் வேண்டும். வேதாரண்யம் பக்கம் அடிபட்டவர் தஞ்சாவூர் போய்ச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; அதுவரை நம் கையில் இருப்பது அல்ட்ராசவுண்ட் மெஷின்தான். மூளையைச் சுற்றியிருக்கும் அதே நீர் பார்வை நரம்பின் உறைக்குள்ளும் இருக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறினால் உறை புடைக்கும். விழிக்குப் பின்னால் 3 மி.மீ. தள்ளி அதன் விட்டத்தை அளக்கிறோம்.

நிழலை உறை என்று நினைப்பது

இதுதான் எனக்கு இன்னமும் ஆறாத விஷயம். விழியின் பின்சுவரிலிருந்தும் லென்ஸின் ஓரத்திலிருந்தும் ஒரு கருப்புப் பட்டை கீழே விழும். பார்க்க நரம்பு மாதிரியே இருக்கும், ஆனால் டார்ச் வெளிச்சம் போல நேர்கோடாகப் போகும், கண் மேல் வைக்கும் அல்ட்ராசவுண்ட் ப்ரோபைக் கொஞ்சம் சாய்த்தால் கூடவே நகரும். நிஜமான நரம்பு லேசாக வளைந்து போகும், அதன் இருபுறமும் வெளிர்க் கோடு தெரியும். ப்ரோபைக் கண்ணின் வெளி ஓரத்துக்குத் தள்ளி, லென்ஸைத் தவிர்த்துப் பாருங்கள், நிழல் விலகிவிடும்.

நெல் கொள்முதல் நிலையத்தில் லாரி மேலிருந்து மூட்டையோடு விழுந்த ஒரு சுமைதூக்கும் தொழிலாளியை, நான் அந்தத் தவறைச் செய்த அன்றைக்கு, என்னிடம் கொண்டுவந்தார்கள். அரை மயக்கம். கண்ணில் வைத்தேன், 6.3. மானிட்டாலை ஓடவிட்டேன். அரை மணி நேரத்தில் யூரின் பை நிறைந்தது, ரத்த பிரஷரின் மேல் எண் 80க்கு இறங்கியது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் போய்க்கொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. அதே மெஷினை முதலில் வயிற்றில் வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அடிபட்ட மூளைக்கு பிரஷர் 90க்குக் கீழே போவது இன்னொரு அடி. பிறகு எடுத்த ஸ்கேனில் சின்ன ரத்தக்கசிவு மட்டும்தான், வீக்கமே இல்லை. பிழைத்துவிட்டார். ஆனால் அதற்கப்புறம் மகள் பெயரைக்கூட யோசித்துத்தான் சொல்வார். அதில் எவ்வளவு விழுந்ததால், எவ்வளவு என் மருந்தால் என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கண்விழி கிழிந்திருந்தால்

ப்ரோபை வைக்கவே கூடாது.

மி.மீ.யை அழுத்தமாக மாற்றி எழுதுவது

உறை புடைத்திருக்கிறது என்பதற்கான எல்லைக்கோடு 5 மி.மீ. என்பவர்களும் உண்டு, 6 என்பவர்களும் உண்டு. 5.8 வந்தது என்பதற்காக மூளை அழுத்தம், சிகிச்சை தொடங்கும் அளவான 22 மி.மீ. பாதரசத்தைத் தாண்டிவிட்டது என்று கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள். இரண்டு கண்ணிலும், குறுக்கும் நெடுக்குமாக அளந்து சராசரி எடுங்கள்.

டாப்ளரை மட்டும் நம்புவது

மூளை ரத்தக்குழாயின் ஓட்டத்தை அல்ட்ராசவுண்டால் பார்ப்பது டாப்ளர்; அதில் வரும் பல்சட்டிலிட்டி இண்டெக்ஸ் ஏறினால் மூளை அழுத்தம் ஏறியதாக நினைப்போம். ஆனால் கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அவசரத்தில் வேகவேகமாக அமுக்கினால் கரியமில வாயு குறையும், மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அந்த இண்டெக்ஸ் தானாக ஏறிவிடும். முதலில் அமுக்குகிற கையை நிதானப்படுத்துங்கள்.

கண் பாப்பாவை மட்டும் பார்ப்பது

நம் ஊரில் காலையில் வயலுக்கு மருந்தடித்துவிட்டு மாலையில் பைக்கில் விழுந்தவர் வருவார். பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருந்தால் கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும்; மூளை அழுத்தம் ஏறினால் பாப்பா விரியும் என்று காத்திருந்தால் ஏமாந்துவிடுவோம். துணைக்கு வந்தவரிடம் கேளுங்கள், சட்டையை முகர்ந்தும் பாருங்கள்.

நார்மல் வந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்பது

முதலில் சொன்ன அந்த பைக் பையனுக்கு வெளி ஓரத்திலிருந்து மறுபடி அளந்தோம், 4.9. "அப்ப காலையில அனுப்பலாமா சார்?" என்றார் டாக்டர். பையன் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே கசியும் ரத்தம் முதல் சில மணி நேரம் எந்த எண்ணையும் மாற்றாமல் இருக்கலாம். அளந்த நேரம், அப்போதைய பிரஷர், எந்தக் கண் என்று ரெஃபரல் சீட்டில் எழுதச் சொல்லி, ஆம்புலன்ஸ் வந்ததும் இன்னொரு முறை அளந்து அனுப்பினோம். ஸ்கேனில் வலது பொட்டுக்குப் பின்னால் சின்னதாக அதே மாதிரி ரத்தக்கட்டு (எபிடூரல்) இருந்தது.