எல்லைக் கதையைச் சுவரில் தொடங்காதீர்கள்

அமெரிக்க–மெக்சிகோ எல்லையைப் பற்றி எங்கள் வாசிப்புக் குழுவில் முதல்முறை பேசியபோது, வரைபடத்தை விரித்து, ‘மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்’ என்று ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் சுவர் வேண்டுமா வேண்டாமா என்று சண்டை. ஒரு மனிதரின் பெயர்கூட யார் வாயிலும் வரவில்லை. அடுத்த முறை வரைபடத்தை எடுக்கவே இல்லை.

திரைப்படத்தில் தொடங்குங்கள். என் தேர்வு கிரெகரி நாவாவின் ‘எல் நோர்த்தே’ (1983). குவாத்தமாலாவின் மாயா கிராமத்திலிருந்து தப்பி வரும் உடன்பிறந்தவர்கள் என்ரிக்கே, ரோசா. மூன்று பாகங்களில் எல்லையைக் கடப்பது இரண்டாவது. நேரமில்லை என்று முதல் பாகத்தை வெட்டிவிடாதீர்கள்; வெட்டினால் மிஞ்சுவது ஓடுகிற இரண்டு பேர்தான்.

இரண்டு இடங்களில் நிறுத்துங்கள். மாட்டிக்கொண்டால் குவாத்தமாலாவுக்கு அனுப்பிவிடக் கூடாது, மெக்சிகோவோடு போகட்டும் என்பதற்காக, மெக்சிகோக்காரர் போல வார்த்தைக்கு வார்த்தை கெட்ட வார்த்தை பேசச் சொல்லித்தருகிறார் ஊர்க்காரர் ஒருவர். சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும், இந்த இருவரின் தாய்மொழி ஸ்பானிஷ் அல்ல, கிச்சே என்ற மாயா மொழி என்பதை நினைவுபடுத்துங்கள். அப்புறம், பணக்கார வீட்டு சலவை இயந்திரத்தின் பொத்தான்கள் புரியாமல் ரோசா கையால் துவைத்துப் புல்லில் காயப்போடும் காட்சி. அங்கே நீங்கள் பேச வேண்டாம். யாராவது வாய் திறக்கும்வரை காத்திருங்கள்.

வரலாறு கேட்பவர்கள் இருப்பார்கள். அமெரிக்க–மெக்சிகோ போரை முடித்த 1848 ஒப்பந்தத்தில் எல்லையே நகர்ந்தது, பலர் இருந்த இடத்திலேயே வேறு நாட்டுக்காரர் ஆனார்கள் என்று சொன்னால் அன்றைக்குப் போதும்.

புத்தகத்துக்கு ஹாவியெர் சமோரா தன் சொந்தக் கதையை எழுதிய ‘சோலித்தோ’ (2022). 1999இல், 9 வயதில், அமெரிக்காவில் இருந்த பெற்றோரிடம் சேர எல் சால்வடாரிலிருந்து தனியாகக் கிளம்பினார். இரண்டு வாரம் என்று நினைத்த பயணம் ஒன்பது வாரம் ஆனது. வழியில் முன்பின் தெரியாதவர்களே குடும்பமாகிறார்கள். ‘அவன் இடத்தில் நீங்கள் இருந்தால்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் தங்களைப் பற்றியே பேசுவார்கள். பையன் காணாமல் போய்விடுவான்.

அதற்குப் பதில் நான் செய்வது இது. எழுத்தாளர் வலேரியா லூயிசெல்லி, எல்லையைத் தனியாகக் கடந்து வந்த குழந்தைகளுக்கு நியூயார்க் குடியேற்ற நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அந்தக் குழந்தைகளிடம் 40 கேள்விகள் கொண்ட படிவத்தை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. முதல் கேள்வி, ஏன் அமெரிக்கா வந்தாய்? இதற்கு ஹாவியெர் சார்பில் முதலில் ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே எழுதினார்கள்: ‘அம்மா அப்பாவிடம் போக.’ சரி, இப்போது அதே கேள்விக்கு அரைப்பக்கம்.

ஒருவர் ஹாவியெரின் தாத்தாவைப் பற்றி மட்டும் எழுதினார். குவாத்தமாலாவரை பேரனோடு வந்தவர், அவனை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பும் இடம். அரைப்பக்கம் அதிலேயே தீர்ந்துபோனது. எழுதியவர் எல்லைவரை வரவே இல்லை.