லோரிக் கிளிக்கு நெல் வைக்காதீர்கள்

டெல்டாக்காரர்களுக்குக் கிளி வளர்ப்பது புதிதல்ல. கூண்டில் ஒரு கைப்பிடி நெல், நாலு மிளகாய்ப்பழம், பாதிக் கொய்யா, கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தால் அன்றைய வேலை முடிந்தது. பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது சட்டப்படி குற்றம் என்று தெரியத் தொடங்கிய பிறகு, தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பறவைப் பிரியர்களின் பார்வை வெளிநாட்டுக் கிளிகள் பக்கம் திரும்பியது. அவற்றில் கண்ணைப் பறிப்பது லோரி. உடம்பெல்லாம் சிவப்பும் இறக்கையில் நீலமும் கறுப்புமாக ஒன்று. நீலத் தலை, ஆரஞ்சு மார்பு, பச்சை முதுகோடு இன்னொன்று. வாங்கியவரின் கை பழைய பழக்கத்தில் நேராக நெல் டப்பாவுக்குத்தான் போகிறது. லோரி விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் ஆரம்பம்.

லோரி, லோரிகீட் என்று இரண்டு பெயர் வழங்கினாலும் கூட்டம் ஒன்றுதான். வால் குட்டையானதை லோரி என்றும் நீண்டதை லோரிகீட் என்றும் சொல்வது வழக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நியூ கினியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகள், சாலமன், பிஜி, இன்னும் கிழக்கே தாஹிட்டி, மார்க்கெசாஸ் வரை அவை பரவியிருக்கின்றன. பூத்தேனும் மகரந்தமும் மென்மையான பழமும்தான் அவற்றின் பிரதான உணவு.

கிண்ணத்தில் லோரிக்கான இனிப்புத் தீனிக் கரைசலை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். அலகிலிருந்து நாக்கு வெளியே வரும்போது மற்றக் கிளிகளின் நாக்கு போலத்தான் மழுங்கலாகத் தெரியும். கரைசலைத் தொடும் நேரத்தில் நுனியில் படிந்து கிடந்த மெல்லிய இழைகள் எழுந்து நின்று, பெயிண்ட் பிரஷ் மாதிரி விரியும். பூவுக்குள் விட்டுத் தேனையும் மகரந்தத்தையும் வழித்தெடுப்பதற்கான நாக்கு அது. வயிறும் அதற்கேற்றதுதான். நெல்லையும் கம்பையும் அரைக்கும் தடித்த தசை லோரியின் இரைப்பையில் இல்லை. "எங்கள் லோரி சூரியகாந்தி விதை நன்றாகத் தின்கிறதே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தின்னும்தான், பசித்தால் வேறு என்ன செய்யும்? விதையே சாப்பாடு என்று ஆகிவிட்டால் சத்துக் குறைந்து, வயிறு கெட்டு, இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய பறவை இளவயதிலேயே போய்விடும்.

சர்க்கரைத் தண்ணீர் போதும் என்பது அடுத்த தவறு

விதை கூடாது என்று தெரிந்துகொண்டவர்கள் அடுத்து விழும் பள்ளம் இது. தேன் குடிக்கும் பறவைதானே என்று சர்க்கரையோ தேனோ தண்ணீரில் கரைத்து வைத்துவிடுகிறார்கள். அதில் சர்க்கரைச் சத்து மட்டுமே இருக்கிறது. காட்டில் லோரிக்குப் புரதம் பெரும்பாலும் மகரந்தத்திலிருந்து கிடைக்கிறது. வெறும் இனிப்புத் தண்ணீர் குடிக்கும் பறவை சுறுசுறுப்பாகவே தெரியும். சில மாதம் கழித்துத்தான் இறகு மங்கி, நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்படும்.

லோரிக்கென்றே விற்கும் நெக்டர் பவுடரை, அதாவது பூத்தேனுக்கு மாற்றாகத் தண்ணீரில் கலக்கும் பொடியை, வாங்குங்கள். விலை அதிகம்தான். அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் லோரியும் கட்டுப்படியாகாது. பவுடரோடு பப்பாளி, பூவன் பழம், மாம்பழம், சப்போட்டா, விதை நீக்கிய கொய்யா, வேகவைத்த பரங்கி, கேரட் கொடுக்கலாம். பவுடரிலேயே வைட்டமின் சேர்த்திருப்பதால் அதன் மேல் சொட்டு மருந்து வேண்டாம்.

இரும்புச்சத்து: யாரும் சந்தேகப்படாத ஆபத்து

இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அக்கறையான வீடுகளில்தான் இந்தத் தவறு அதிகம்.

நம் வீடுகளில் "ரத்தம் ஊறும்" என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் இரும்புச்சத்து உள்ளவை: வெல்லம், பேரீச்சம்பழம், கேழ்வரகு, முருங்கைக்கீரை. நமக்கு அவை நல்லவை. லோரியின் உடம்போ உணவில் வரும் இரும்பைத் தேவைக்கு மேல் உறிஞ்சிக் கல்லீரலில் சேர்த்துக்கொள்ளும் தன்மை உள்ளது. பூத்தேனில் இரும்பு மிகக் குறைவு. கிடைத்ததை விடாமல் பிடித்துக்கொள்ளப் பழகிய உடம்பு அது. கூண்டில் இரும்பு அளவில்லாமல் வந்தால் அந்தப் பழக்கமே வினையாகிறது. மைனாவுக்கும், பெரிய அலகுள்ள டூக்கான் பறவைக்கும் இதே நோய் வருவதுண்டு. வெளியே தெரியும்போது வயிறு வீங்கி, மூச்சு இரைக்க ஆரம்பித்திருக்கும். அந்தக் கட்டத்தில் மருத்துவர் செய்யக்கூடியது குறைவு.

குழந்தைகளுக்கான பாக்கெட் சத்துமாவைத் தண்ணீரில் கரைத்து லோரிக்கு வைக்கச் சொல்லும் யோசனை பறவைக் கடைகளிலேயே கிடைக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், இரும்புச்சத்து சேர்த்திருப்பார்கள். வளரும் குழந்தைக்கு வேண்டும் என்றுதானே சேர்க்கிறார்கள். செறிவூட்டப்பட்ட ரேஷன் அரிசியும் அப்படியே. ரத்தசோகைக்காக இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் ஏற்றிய மணிகளை நூற்றுக்கு ஒன்று வீதம் கலந்த அரிசி அது. அந்தச் சோற்றைப் பிசைந்து லோரிக்கு வைப்பதில் லாபம் எதுவும் இல்லை.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். போர் தண்ணீர் பிடித்த வாளியில் செங்காவிக் கறை படிகிறதா? அது இரும்பு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் என்ன தண்ணீர் குடிக்கிறீர்களோ அதையே பறவைக்கும் வையுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடியைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் உள்ள வைட்டமின் சி, மற்ற உணவிலிருக்கும் இரும்பை இன்னும் எளிதாக உடம்பில் ஏற்றிவிடும்.

புளித்த கரைசல், வரிசை கட்டும் எறும்பு

காலையில் கலக்கி வைத்த நெக்டர் சாயங்காலம் வரை கிண்ணத்தில் இருந்தால், அது சாப்பாடு இல்லை. சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் நுரை கட்டும். முகர்ந்தால் கள்ளுப்பானை வாசம் வரும். அதில் பாக்டீரியாவும் கேண்டிடா என்ற பூஞ்சையும் பெருகும். பறவையின் வாயில் வெள்ளைப் படலம், வாந்தி, தொண்டைப் பையில் தேக்கம் எல்லாம் இதிலிருந்து வருபவை. ஆகவே காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சமாக, அந்தந்த வேளைக்குத் தனித்தனியே கலக்கி வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சுவதைக் கொட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் கீறல் விழுந்தால் அழுக்கு அதில் தங்கும். எவர்சில்வர் கிண்ணம் இரண்டு செட் வாங்கி, வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து மாற்றி மாற்றி வைப்பது நல்லது. நாள் முழுக்க வீட்டில் ஆள் இல்லாத குடும்பம், லோரிகளுக்கு விற்கும் உலர் பவுடரைப் பகலுக்கு வைத்து, பக்கத்தில் தண்ணீர் வைக்கலாம்.

எறும்பு வராத டெல்டா வீடு உண்டா? கட்டெறும்பும் சித்தெறும்பும் கூண்டின் கம்பி வழியே வரிசையாக இறங்கி கிண்ணத்தின் விளிம்பில் வட்டம் கட்டி நிற்கும். உடனே எறும்பு சாக்பீஸை எடுத்துக் கூண்டுக் காலைச் சுற்றிக் கோடு போடுவார்கள். அது பூச்சிக்கொல்லி. அந்தத் தூள் இறகில் ஒட்டும்; இறகைக் கோதும்போது வாய்க்குள் போகும். கூண்டு ஸ்டாண்டின் ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். தொங்கும் கூண்டானால் கொக்கிக்கு மேலே ஒரு தண்ணீர்க் குடுவை. பாட்டிகள் பலகாரத் தூக்கைக் காப்பாற்றியது இப்படித்தான்.

கொல்லையில் பூக்கும் பூக்கள்

லோரிக்குப் பூ கொடுப்பது நல்லது. இந்த விஷயத்தில் டெல்டா கொடுத்து வைத்த பூமி. பசிபிக் தீவுகளில் பல லோரிகள் தென்னம்பாளைப் பூவில் மேய்கின்றன; தென்னை நமக்குக் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது. வாழைப்பூ, செம்பருத்தி, கல்யாண முருங்கையின் சிவப்புப் பூங்கொத்து எல்லாம் வைக்கலாம். கல்யாண முருங்கையின் விதை மட்டும் நஞ்சு, பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மருந்தடித்த பூதான் பிரச்சினை. வாழைக்கொல்லையில் குருத்துக்கும் தாருக்கும் அடிக்கும் மருந்து பூவின் தேனிலும் படியும். பக்கத்து வயலில் அடித்தால் காற்றில் வந்து உங்கள் வேலிப் பூவிலும் இறங்கும். யார் கொல்லை, எப்போது அடித்தது என்று தெரியாத பூ வேண்டாம். சாமிக்குப் பறித்த பூக்கூடையிலிருந்து எடுத்து வைப்பவர்கள் கவனிக்க வேண்டும், அதில் அரளி இருக்கும். அரளி பறவைக்கும் கொடிய விஷம்.

பூந்தோட்டத்தை லோரிகீட் என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பழைய கதை உண்டு. குவீன்ஸ்லாந்தின் கரம்பின் என்ற ஊரில் அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்ற தேனீ வளர்ப்பாளரின் பூக்களைக் காட்டு லோரிகீட் கூட்டம் நாசம் செய்துகொண்டிருந்தது. 1947-ல் அவர் அவற்றுக்குத் தனியே தீனி வைத்துத் திசைதிருப்பினார். அந்த இடம் பிறகு சரணாலயமாகவே ஆகிவிட்டது. நம் ஊராக இருந்தால் முதலில் பூச்சிமருந்துக் கடைக்குத்தான் போயிருப்போம்.

கூண்டு எங்கே, பக்கத்தில் யார்

லோரியின் எச்சம் தண்ணீராக இருக்கும், பக்கவாட்டில் பீய்ச்சும். ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்டியவர் ஒரு வாரத்தில் சுவருக்குப் புது பெயிண்ட் தேடுவார். கழுவிவிட வசதியான பின்கட்டு அல்லது தாழ்வாரம் சரியான இடம். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு நேர் கீழே வேண்டாம். மேலே கீற்று வேய்ந்தால் அக்னி நட்சத்திரத்திலும் தாங்கும். குளிக்க அகலமான தட்டில் தண்ணீர் வையுங்கள், குளியல் என்றால் லோரிக்கு உயிர்.

சமையலறைக்குப் பக்கம் கூடவே கூடாது. நான்ஸ்டிக் தவா காலியாகக் காய்ந்து போனால் வரும் புகை, நமக்கு ஒன்றும் தெரியாதபோதே பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி நேரத்தில் கூண்டை வேறிடம் மாற்றுங்கள். புதிதாக வாங்கிய துத்தநாகம் பூசிய வலையைக் கடித்தால் துத்தநாக நச்சு ஏறும். எவர்சில்வர் கம்பி வாங்க முடியாதவர்கள் புது வலையை வினிகர் தொட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் ஆபத்து கொஞ்சம் குறையும், போய்விடாது.

முட்டைப் பெட்டிக்குள் வைக்கோல் திணிப்பது இங்கே சகஜம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது பூஞ்சாணம் பிடிக்கும். அந்தத் தூள் பறவையின் நுரையீரலில் போய் முளைக்கும். மருந்து ஏற்றாத மரத்தின் இழைப்புச் சீவல் போதும், நனைந்தால் மாற்றுங்கள். எலிக்கும் வழி விடாதீர்கள். தென்னை ஏறிக் குரும்பை கடிக்கும் அதே கறுப்பெலிதான், கப்பல் வழியாகப் பசிபிக் தீவுகளுக்குப் போய் அங்கே லோரிகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று பல தீவுகளில் அவற்றைக் குறைத்துவிட்டது. வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

மற்றப் பறவைகளோடு ஒரே கூண்டில் போடுவது வீண் விபரீதம். லோரி தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. லவ் பேர்ட்ஸையும் ஃபின்ச்சையும் கடித்தே கொன்றுவிடும். கோழிக்கூண்டும் பக்கத்தில் வேண்டாம். நாட்டுக்கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் கிளிக்கும் தொற்றும். ஆண் பெண் ஜோடி என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள். பெரும்பாலான லோரி இனங்களில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், இறகைக் கொடுத்து டிஎன்ஏ பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

"வெளிநாட்டுப் பறவைக்குச் சட்டம் இல்லை"

இப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. கிளி இனங்களில் பட்ஜெரிகர், காக்கட்டீல், பீச் முகம் கொண்ட லவ் பேர்ட் மாதிரி ஒரு சிலவற்றைத் தவிர எல்லாமே அந்தப் பட்டியலில் அடக்கம். லோரிகள் அத்தனையும் உண்டு. 2024-ல் வந்த விதிகளின்படி, வாங்கிய 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குஞ்சு பொரித்தாலும், பறவை இறந்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் பில்லும் அவருடைய பதிவு விவரமும் கேளுங்கள், தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். இந்தோனேசியாவின் தலாவுட் தீவுகளில் வாழும் சிவப்பும் நீலமும் கலந்த லோரி, அந்த ஒப்பந்தத்தில் வணிகமே பொதுவாகக் கூடாத முதல் பட்டியலில் இருக்கிறது. அதை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் கதை வேறு.

தானாகச் சாப்பிடப் பழகாத குஞ்சை "கையில் ஊட்டினால் பாசமாக இருக்கும்" என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது. ஊட்டும் கரைசல் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் தொண்டைப் பை வெந்துவிடும், குறைந்தால் செரிக்காது. பழகாத கைக்கு இது வேண்டாத சோதனை.

நோய் வந்தால் பறவை கடைசி வரை மறைக்கும். சமையலறைத் தராசு ஒன்றைத் தனியாக வைத்து வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவந்தால், கண்ணுக்குத் தெரியுமுன் எடையில் தெரியும். குறைய ஆரம்பித்தால் கடைக்காரரின் சொட்டு மருந்தை நம்பி நாளைக் கடத்தாமல் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். வளர்ப்பவருக்குக் காய்ச்சலும் இருமலும் விடாமல் இருந்தால், வீட்டில் கிளி இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்று உண்டு.

சமாளிக்க முடியவில்லை என்று திறந்து விடுபவர்களும் இருக்கிறார்கள், புண்ணியம் என்ற நினைப்பில். பல லோரிகள் ஒரு வாரம் தாங்காது. தாங்கினால் இன்னும் மோசம். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கத்துப் பறவையான வானவில் லோரிகீட், 1960-களில் மேற்கே பெர்த் நகரில் தப்பியோ விடப்பட்டோ பரவியது. இன்று அங்கே அது பழத்தோட்டங்களைச் சூறையாடி, உள்ளூர்ப் பறவைகளின் மரப்பொந்துகளைப் பிடுங்கிக்கொள்ளும் தொல்லைப் பறவை என்று அரசே அறிவித்திருக்கிறது. வைத்துக்கொள்ள முடியாதவர்கள் பதிவு உள்ள வேறு வளர்ப்பாளரிடம் முறையாக மாற்றிக் கொடுக்கலாம், அல்லது மாவட்ட வன அலுவலகத்தில் கேட்கலாம்.