துபாயில் 85 நிமிடங்கள்

லண்டனிலிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ எடுத்த டிக்கெட்டில் "துபாய், 1 மணி 25 நிமிடம்" என்று இருந்தால், அவ்வளவு நேரமும் நமக்கே சொந்தம் என்று நினைத்துவிடுகிறோம். அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக் கணக்குப் பாருங்கள். எமிரேட்ஸ் விமானங்களின் வாயில் புறப்படும் நேரத்துக்கு 20 நிமிடம் முன்பே மூடப்படும். மிச்சம் 65. ஐந்நூறு பேர் அளவில் ஏற்றிவரும் ஏ380 விமானத்தின் பின்வரிசையில் நீங்கள் இருந்தால், கதவு திறந்து, முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் பெட்டி இறக்கி, நீங்கள் வெளியே வர 20 நிமிடமாவது ஆகும். மிச்சம் 45. அதற்குள் பாதுகாப்புச் சோதனை வரிசை, அதன் பிறகு நடை, சில வேளை ரயில். நடுவில் ஒரு குழந்தை கழிப்பறை கேட்டால் கணக்கு முடிந்தது.

இவ்வளவு இறுக்கமாக ஏன் விற்கிறார்கள் என்று கேட்கலாம். ஒவ்வொரு பெரிய விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வகுத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தாலும் முன்பதிவுக் கணினி டிக்கெட்டைக் கொடுத்துவிடும். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பது அதற்குத் தெரியாது. தனியாக, கைப்பை மட்டும் கொண்டு போகிற இளைஞருக்கு 85 நிமிடம் போதும். குடும்பமாகப் போகிறவர்கள் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்த இணைப்பைத் தொடாமல் இருப்பது நல்லது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் ஆடி ஆவணியிலும், பள்ளி விடுமுறையோடு சேரும் மார்கழியிலும் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் இன்னொரு தொல்லையும் உண்டு. டொராண்டோவிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு, இறக்கையின் பனியை நீக்கிய பிறகுதான் விமானம் ஓடுபாதைக்குப் போகும். துபாயிலோ குளிர்கால அதிகாலைகளில் மூடுபனி இறங்கும். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

துபாய் நிலையத்தின் அமைப்பை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும். எமிரேட்ஸ் மூன்றாம் முனையத்தில் இயங்குகிறது. அங்கே ஏ, பி, சி என்று மூன்று கூடங்கள். பி, சி இரண்டுக்கும் இடையே நடந்து போகலாம். 2013-இல் ஏ380-களுக்காகவே திறந்த ஏ கூடம் தனியாக நிற்கிறது. அங்கிருந்து ரயிலில்தான் வரவேண்டும். ஏ-யில் இறங்கி சி-யின் கடைசி வாயிலில் ஏறும்படி அமைந்துவிட்டால், ரயிலும் நடையும் சேர்ந்து அரை மணி நேரம்கூடப் பிடிக்கும். ஒரே டிக்கெட்டில் இரண்டாவது விமானம் ஃபிளைதுபாய் என்று போட்டிருந்தால் எந்த முனையம் என்று வீட்டிலிருந்தே பாருங்கள். அந்நிறுவனத்தின் பல விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. அது ஓடுபாதைகளுக்கு அப்பால், மறுபுறத்தில் இருக்கிறது. உள்ளேயே ஓடும் பஸ்ஸில் ஏறித்தான் போய்ச் சேர வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது வேறோரிடத்தில். துபாயில் விமானங்களுக்கு ஒலிபெருக்கி அழைப்பு கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நம்பித் தங்கக் கடையில் நின்றவர்களின் கதை ஊரில் எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். திரையைத்தான் பார்க்க வேண்டும். லண்டனில் போர்டிங் பாஸில் அச்சான வாயில் எண்ணை நம்ப வேண்டாம். இறங்கியதும் எதிர்ப்படும் முதல் திரையில் சரிபாருங்கள். கைப்பேசியில் நிறுவனத்தின் செயலி இருந்தால் அதுவும் சொல்லும்.

முன்வரிசை இருக்கைக்குக் கொஞ்சம் பணம் கட்டச் சொன்னால், இறுக்கமான இணைப்பில் அது வீண்செலவல்ல. முதல் ஆளாக இறங்குவதும் ஐந்நூறாவது ஆளாக இறங்குவதும் ஒன்றா? மேல்தட்டில் வைக்கும் பெட்டியை உங்கள் தலைக்கு மேலேயே வையுங்கள். பத்து வரிசை பின்னால் வைத்துவிட்டு எதிர்நீச்சல் போட முடியாது. சக்கர நாற்காலி கேட்க நம் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே கேட்டு வைத்துவிடுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்: நாற்காலிப் பயணிகளைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள், நாலைந்து பேர் சேரும்வரை ஓரிடத்தில் காத்திருக்க வைப்பதும் உண்டு. ஆகவே நாற்காலி வேண்டுமென்றால் நீண்ட இணைப்பும் வேண்டும்.

முதல் விமானம் தாமதமாகிவிட்டதா? தரையிறங்குவதற்கு முன்பே பணிப்பெண்ணிடம் அடுத்த விமானத்தைச் சொல்லுங்கள். விமானத்தின் கதவைத் தாண்டியதும் பலகையோடு ஊழியர் யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். கொழும்பு என்றோ சென்னை என்றோ எழுதியிருந்தால் அவர்களோடு போய்விடுங்கள், குறுக்குவழி அவர்களுக்குத் தெரியும். யாரும் இல்லையென்றால் ஓடுங்கள். தவறிப் போய்விட்டால் குடிவரவுப் பக்கம் போகாமல் இணைப்பு விமானங்களுக்கான மேசைக்குப் போங்கள். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. இரவு தங்க வேண்டி வந்தால் அறையும் சாப்பாடும் நீங்களே கேளுங்கள். கேட்காதவருக்குப் பல வேளை கிடைப்பதில்லை.

லண்டனிலிருந்து புறப்பட்டவருக்கு இன்னொரு உரிமையும் உண்டு. நிறுவனத்தின் தவறால் இணைப்பு தவறி, கொழும்புக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்திப் போனால் 260 பவுண்ட். நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் 520. பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஐரோப்பிய ஒன்றிய நகரங்களிலிருந்து புறப்படுபவர்களுக்கு இது 300, 600 யூரோ. வளைகுடா நிறுவனங்களும் கொடுக்கத்தான் வேண்டும். 2017-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், துபாயில் இணைப்பு தவறியவர்கள் தொடுத்த வழக்கிலேயே, கடைசி ஊருக்குப் போய்ச் சேரும் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மூடுபனி போன்ற இயற்கைக் காரணம் என்றால் பணம் வராது; சாப்பாடும் தங்குமிடமும் அப்போதும் தரவேண்டும். ஊரிலிருந்து வளைகுடா நிறுவனத்தில் திரும்பி வரும்போது இந்தச் சட்டம் செல்லாது.

இத்தனையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தவர்களுக்கு. மலிவாக இருக்கிறதே என்று இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. 110 பவுண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று நானும் ஒருமுறை அப்படி வாங்கினேன். முதல் விமானம் இரண்டு மணி நேரம் பிந்தியது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நான் வரத் தவறிய பயணி, அவ்வளவுதான். அன்றைய விலையில் புதிய டிக்கெட் 380 பவுண்ட். தங்கையின் தாலிகட்டு முடிந்து, பந்தியில் இரண்டாம் முறை சோறு போடும்போது போய்ச் சேர்ந்தேன்.

சென்னை வழியாக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் இதில் மேலும் கவனமாக இருக்க வேண்டும். தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போட இந்தியாவுக்குள் நுழைய வேண்டும். இந்திய விசா இல்லாமல் அது நடக்காது. பலாலிக்குப் பறப்பது சிறிய ஏடிஆர் விமானம். லண்டனிலிருந்து கொண்டுவந்த 46 கிலோ பெட்டிகளுக்கு அதில் எவ்வளவு அனுமதி, கூடுதலுக்கு என்ன விலை என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே பாருங்கள்.

டெல்லி, மும்பை வழியாகச் சென்னைக்கோ மதுரைக்கோ போகிறவர்களுக்கும் ஒரு சொல். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், பெட்டியில் சென்னை என்று சீட்டு ஒட்டியிருந்தாலும், பொதுவாக இந்தியாவில் இறங்கும் முதல் ஊரிலேயே குடிவரவு, பெட்டி, சுங்கம் மூன்றையும் முடித்துப் பெட்டியை மறுபடி ஒப்படைக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக எடுக்காதீர்கள். மும்பையில் உள்நாட்டு விமானம் முதலாம் முனையம் என்றால் ஊர்த் தெருவில் வண்டி பிடித்துத்தான் போகவேண்டும். நான்கு மணி நேரமாவது வேண்டும். உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக வாங்கியிருந்தால் பொதுவாக 15 கிலோதான் இலவசம். இந்தியக் கடவுச்சீட்டோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோ உள்ளவர்கள் விரைவுக் குடிவரவுத் திட்டத்தில் முன்கூட்டியே பதிந்துகொள்ளலாம். 2024-இல் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் மும்பை, சென்னை உள்ளிட்ட நிலையங்களுக்கும் வந்தது. கட்டணம் இல்லை, தானியங்கி வாயிலில் கைரேகை வைத்துப் போய்விடலாம்.

நீங்கள் ஓடிப் பிடித்தாலும் பெட்டி பிடிக்காமல் போகலாம். மாற்றுடை, மருந்து, நகை, கல்யாணத்துக்குக் கட்டவேண்டிய சேலை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டி வரவில்லையென்றால் வெளியேறும் முன்பே முறைப்பாடு எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். பெட்டி வந்து சேர்ந்த பிறகு, தாமதத்தால் ஆன செலவைக் கேட்டு எழுத 21 நாள் அவகாசம் உண்டு.

திரும்பி வரும்போதும் அதே துபாய், அதே சோதனை வரிசை. 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவம் கைப்பையில் போகாது. நல்லெண்ணெய் திரவம் என்பது நமக்கே தெரியும். மாங்காய் ஊறுகாயும் திரவம்தான் என்பதைச் சித்திக்கு யார் சொல்வது? புறப்படும் நேரத்தில் அவர் கையில் திணிக்கும் போத்தலை, வாசலிலேயே பெரிய பெட்டியைத் திறந்து, துவாயில் சுற்றி நடுவில் வைத்துவிடுங்கள்.