இத்தாலில கடலோர லீவு போறதா இருந்தா செஃபலூவ இப்படி ப்ளான் பண்ணுங்க

இத்தாலின்னாலே ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ்னு மூணு ஊர ஏழு நாள்ல ஓடி ஓடிப் பாத்துட்டு வர்றதுதான் வழக்கமா இருக்கு. கடலும் வேணும் பழைய ஊரும் வேணும், கார் ஓட்டக் கூடாது, கூட வர்ற அம்மா அப்பாவும் கஷ்டமில்லாம நடக்கணும்னு யார் கேட்டாலும் நான் சொல்ற ஊரு செஃபலூ. சிசிலித் தீவோட வடக்குக் கரைல, பலெர்மோவுக்குக் கிழக்க சுமார் 70 கிலோமீட்டர். பெருசா ஒரு பாறை, அதோட காலடில ஊரு, ஊரு முடியுற எடத்துல நீளமா மணல் கடற்கரை, அவ்ளோதான். அஞ்சு ராத்திரியாவது தங்குங்க. பலெர்மோல இருந்து காலைல வந்து சாயங்காலம் கிளம்பிடுறவங்களுக்கு இந்த ஊரோட நல்ல நேரமே கண்ணுல படாது, அது சூரியன் எறங்குறப்பதான் ஆரம்பிக்குது.

முதல்ல எந்த மாசம்னு முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம். ஆகஸ்ட் வேண்டாம். ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ, இத்தாலியே லீவு போட்டுட்டு கடலுக்கு வர்ற நாள், அதுக்கு முன்னாடி ஒரு வாரம் பின்னாடி ஒரு வாரம் ரூம் வாடகையும் ஏறிடும் மணல்ல துண்டு விரிக்க எடமும் இருக்காது. ஊர்த் திருவிழா பாக்கணும்னு ஆசை இருந்தா மட்டும் ஆகஸ்ட் 2ல இருந்து 6 வரைக்கும் வாங்க, கடைசி நாள் கடலுக்கு மேல நீட்டி வச்ச வழுக்கு மரத்துல பசங்க ஓடிப் போய் நுனில இருக்குற கொடிய எடுப்பாங்க, நம்ம ஊர் வழுக்கு மரத்த படுக்க வச்ச மாதிரி இருக்கும். மத்தபடி என் ஓட்டு செப்டம்பருக்குத்தான். கோடை முழுக்க சூடான தண்ணி அவ்ளோ சீக்கிரம் ஆறாது, அதனால ஜூன் ஆரம்பத்த விட செப்டம்பர்லதான் கடல் வெதுவெதுப்பா இருக்கும்.

இந்தியாவுல இருந்து போறவங்க விசாவ கடைசி நேரத்துக்கு விடாதீங்க. இத்தாலி உட்பட ஐரோப்பாவுல நிறைய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், 15 நாளுக்கு முன்னாடி கட்டாயம் பண்ணியிருக்கணும், ஆனா கோடை சீசன்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே நாளாகும்ங்கிறதால மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கிறது நல்லது. ட்ராவல் இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ் இருக்கணும், பாஸ்போர்ட் ஷெங்கன்ல இருந்து கிளம்புற தேதிக்கு அப்புறம் மூணு மாசமாவது செல்லணும். ரெண்டு மூணு நாடு சேத்துப் போறீங்கன்னா எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்கு அப்ளை பண்ணணும், இதுல நிறைய பேரு தப்பு பண்றாங்க.

போய்ச் சேர ரெண்டு வழி. ஃப்ளைட்ல பலெர்மோ ஏர்போர்ட்ல எறங்கி, அங்கேயே ட்ரெயின் புடிச்சு பலெர்மோ சென்ட்ராலே ஸ்டேஷன் வந்து, அங்க இருந்து இன்னொரு ட்ரெயின்ல ஒரு மணி நேரத்துக்குள்ள செஃபலூ. ஏர்போர்ட் பலெர்மோவுக்கு மேற்க இருக்கு, செஃபலூ கிழக்க இருக்கு, அதனால எறங்குனதுல இருந்து மூணு மணி நேரமாவது ஒதுக்கி வைங்க. இன்னொரு வழிதான் எனக்கு உசுரு. ரோம்ல ராத்திரி ட்ரெயின் ஏறுனா விடிகாலைல இத்தாலியோட நுனிக்கு வரும், அங்க பெட்டிகளப் பிரிச்சு கப்பலோட வயித்துக்குள்ள தள்ளுவாங்க, கடகடன்னு இரும்புச் சத்தம் கேக்கும், அப்புறம் நாம மேல் தளத்துக்கு ஏறி நின்னு காத்து வாங்கிக்கிட்டே மெஸ்ஸினா ஜலசந்தியத் தாண்டலாம். பத்து மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனா குழந்தைங்க இருந்தா இந்தப் பயணமே பாதி லீவு.

பலெர்மோ செஃபலூ மாதிரி பக்கத்து ஊர்களுக்குள்ள ஓடுற ரீஜனல் ட்ரெயினுக்கு முன்கூட்டி புக் பண்ணத் தேவையில்ல, எப்ப வாங்குனாலும் ஒரே விலைதான். பேப்பர் டிக்கெட் வாங்குனா ஏறுறதுக்கு முன்னாடி ப்ளாட்பாரத்துல இருக்குற மெஷின்ல சொருகி முத்திரை குத்தணும், மறந்தா டிக்கெட் கையில இருந்தும் ஃபைன்.

தங்குற எடம் பழைய ஊருக்குள்ளயா வெளியிலயான்னு யோசிச்சு எடுங்க. உள்ள அழகு அதிகம், ஆனா வீடுகள் பழசு, லிஃப்ட் இருக்காதுன்னே வச்சுக்கணும், முட்டி வலி இருக்குறவங்க வந்தா எத்தனாவது மாடின்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க. கார் எடுத்தே ஆகணும்னா வெளிய தங்குங்க, பழைய ஊருக்குள்ள அனுமதி இல்லாத வண்டிகளுக்கு தடை இருக்கு, இத்தாலில இந்த மாதிரி எடங்கள்ல கேமரா படம் புடிச்சு அபராதம் பல மாசம் கழிச்சு வரும். ரூம் வாடகைக்கு மேல ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்ளோன்னு டூரிஸ்ட் வரியும் வாங்குவாங்க, அதக் கணக்குல சேத்துக்கோங்க.

பீச்சுல குடையும் படுக்கையும் வரிசையா போட்டிருக்குற பகுதி லிடோ, காசு குடுக்கணும், முன் வரிசைன்னா கூட ஆகும். "ஸ்பியாஜ்ஜா லிபெரா"ன்னு கேளுங்க, அது எல்லாருக்கும் பொதுவான எடம், துண்டு விரிச்சு உக்காரலாம். பெரியவங்க வந்தா ஒரு நாளாவது லிடோ எடுங்க, நிழலும் டாய்லெட்டும் முக்கியம். கரை மெதுவாத்தான் ஆழமாகும், அதனால நீச்சல் தெரியாதவங்களும் இடுப்பளவு தண்ணில நிக்கலாம், ஆனா செவப்புக் கொடி ஏத்தியிருந்தா எறங்காதீங்க.

சாப்பாட்டுல நான் பட்டது ஒண்ணு. போன முதல் நாள் ஞாயித்துக்கிழமை மூணு மணி, கடையெல்லாம் சாத்தியாச்சு, தெறந்திருந்த ஒரே கடைல அரிசி உருண்டைய எண்ணெய்ல பொரிச்ச அரஞ்சினா இருந்துச்சு. "அல் புர்ரோ"ன்னா வெண்ணெய்தானேன்னு சைவம் சாப்புடுற அம்மாவுக்கு வாங்கிக் குடுத்தேன், பிட்டுப் பாத்தா உள்ள சீஸோட ரோஸ் கலர்ல சின்னச் சின்ன துண்டு, பன்றி இறைச்சி. அம்மா ஒண்ணும் சொல்லாம கீழ வச்சுட்டாங்க, எனக்குத்தான் ரொம்ப நாள் மனசு ஆறல. அதனால பேர வச்சு முடிவு பண்ணாதீங்க, "சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே"ன்னு, அதாவது கறி இல்லாம மீன் இல்லாமன்னு, ஒவ்வொரு தடவையும் சொல்லிக் கேளுங்க. கத்தரிக்காய் போட்ட பாஸ்தா அல்லா நோர்மா, கடலை மாவுல பொரிச்ச பனெல்லே, புளிப்பும் இனிப்புமா கபொனாத்தா, இந்த மூணும் சைவக்காரங்களுக்குக் கை குடுக்கும். காலைல பாதாம் க்ரனீத்தாவும் ப்ரியோஷ் பன்னும். மதியம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் நிறைய கடை மூடிடும், ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு முன்னாடி கிடைக்காது, பிஸ்கட்டும் பழமும் எப்பவும் கையில இருக்கட்டும். பில்லுல கொபெர்த்தோன்னு ஆளுக்கு ரெண்டு மூணு யூரோ வந்தா ஏமாத்துறாங்கன்னு நெனைக்காதீங்க, மேசைக்கு வாங்குற காசு அது.

பாக்க வேண்டியதுல முதல்ல கதீட்ரல். சிசிலிய ஆண்ட நார்மன் ராஜா ரெண்டாம் ரோஜர் 1131ல கட்ட ஆரம்பிச்சது, 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. உள்ள 1148ல முடிச்ச மொசைக் கிறிஸ்து தங்கப் பின்னணில அப்படியே நம்மளப் பாப்பாரு, கையில விரிச்சிருக்குற புத்தகத்துல ஒரு பக்கம் கிரேக்கம் ஒரு பக்கம் லத்தீன். தோளும் முட்டியும் மூடுற துணி போட்டுட்டுப் போங்க. அங்க இருந்து கீழ எறங்குனா இடைக்காலத்து துணி துவைக்கிற எடம், சிங்க வாய்ல இருந்து தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும், சாய்வான கல்லுங்க தேஞ்சு வழவழன்னு இருக்கும். அம்மா அங்கதான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க, கல்லத் தடவிப் பாத்துட்டு "இது நிறைய பேரு கை பட்ட கல்லு"ன்னாங்க.

பாறை மேல ஏறுறது காலைல எட்டு ஒம்போதுக்கே. சுமார் 270 மீட்டர், நிழல் கம்மி, செருப்பு போட்டுட்டு ஏறாதீங்க, பிடிப்பான ஷூவும் ஒரு லிட்டர் தண்ணியும் வேணும். பாதிலயே டயானா கோயில்னு ஒரு பழைய கல் கட்டடம் வரும், முடியாதவங்க அதோட நிறுத்திக்கலாம்.

திரும்புற நாளுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தைய கூகுள்ல தேடுங்க, "ஷோப்பெரோ". ஸ்ட்ரைக்குன்னு அர்த்தம், ட்ரெயின் ஸ்ட்ரைக்னா முன்கூட்டியே அறிவிச்சிருவாங்க. வேலை நாள்னா ஸ்ட்ரைக் அன்னைக்கும் காலை 6ல இருந்து 9, சாயங்காலம் 6ல இருந்து 9 வரைக்கும் முக்கியமான ரீஜனல் ட்ரெயின் ஓடும், உங்க ஃப்ளைட் மதியம்னா காலைல ஏழு மணிக்கே ஸ்டேஷன்ல நில்லுங்க.