மீம், நூன்: அகராதிக்கு முன்னால் மொழியைக் கண்டுபிடியுங்கள்

குர்ஆன் ஓதப் பழகியவருக்கு மீம், நூன் என்ற அரபி எழுத்துகள் சேர்ந்த இரண்டெழுத்துச் சொல்லை வாசிப்பது எளிது. பொருள் சொல்வதில்தான் சிக்கல்: அதே எழுத்தில் பல மொழிகள் எழுதப்படுகின்றன. அரபியில் 'மின்' என்று வாசித்தால் 'இருந்து', 'மன்' என்றால் 'யார்'. பாரசீகத்தில் 'மன்' என்பது 'நான்'. உருதுவில் மனம், எடைக் கணக்கில் வந்தால் மணங்கு. சிங்கப்பூரில் ஒரே வீட்டுப் பெட்டிக்குள் அரபுத்தமிழ்க் (அரபி எழுத்தில் எழுதிய தமிழ்) கிதாபும் ஜாவிப் (அரபி எழுத்தில் எழுதிய மலாய்) பத்திரமும் உருதுத் துண்டுப்பிரசுரமும் கிடக்கலாம். எந்த மொழி என்று தெரியாமல் அகராதியைப் புரட்டினால் தவறான பொருள்தான் கிடைக்கும்.

முதலில் அரபியில் இல்லாத எழுத்துகளைத் தேடுங்கள். ஐன் மேல் மூன்று புள்ளி இருந்தால் அது 'ங'; தாள் பெரும்பாலும் ஜாவி. தலையில் குட்டி 'தோய்' (ط) சுமந்த தே, தால், ரே கண்ணில் பட்டால் உருது. நூனுக்குக் கீழேயும் ஒரு புள்ளி இருந்தால் அரபுத்தமிழின் 'ண'. ஃபே மேல் மூன்று புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம்: ஜாவியில் அது 'ப', அரபியில் 'வீடியோ' போன்ற இரவல் சொற்களின் 'வ'.

சிறப்பெழுத்து எதுவும் சிக்கவில்லையென்றால் அடிக்கடி வரும் சிறு சொற்களைப் பாருங்கள். 'யாங்' திரும்பத் திரும்ப வந்தால் மலாய். வாக்கியங்கள் 'ஹை' என்று முடிந்தால் உருது. தால், அலிஃப், நூன் சேர்ந்த 'தான்' மலாயில் 'மற்றும்'. உருதுவில் நம்முடைய தானமேதான். சொல்லின் முன் 'அல்' இருப்பதை வைத்து அரபி என்று முடிவு கட்டாதீர்கள். மற்ற மொழிகளும் அரபித் தொடர்களை அப்படியே எடுத்துக்கொண்டவை.

அடுத்தது உயிர்க்குறிகள். அரபுத்தமிழில் ஜபர் (அ), ஜேர் (இ), பேஷ் (உ) பெரும்பாலும் முழுமையாக இருக்கும். காஃபுக்கு ஜபரும் லாமுக்கு ஜஸமும் (உயிரில்லை என்ற குறி) போட்டால் 'கல்' என்று தெளிவாகிவிடும். குறியில்லாத அதே காஃப், லாம் அரபியில் 'குல்', அதாவது எல்லாம். உருதுவில் 'கல்', நேற்றோ நாளையோ. எது என்பதை வினைச்சொல்லின் காலம்தான் சொல்லும். பழைய ஜாவி இன்னும் மோசம். பே, நூன், தே, 'ங' என்ற நான்கெழுத்து பிந்தாங் (நட்சத்திரம்), பந்திங் (ஓங்கி எறிதல்), புந்திங் (சூல்) எதுவாகவும் இருக்கலாம். புதிய எழுத்துமுறை இடையில் யே, வாவ் சேர்த்து இவற்றைப் பிரிக்கிறது.

அதிகம் ஏமாற்றுபவை அரபியிலிருந்தே பரவிய சொற்கள். 'கரீப்' அரபியில் அந்நியன் அல்லது விசித்திரமானது, உருதுவில் ஏழை. 'ஜுலூஸ்' அரபியில் உட்காருவது, உருதுவில் ஊர்வலம்! 'அவ்ரத்' மலாயில் ஆடையால் மறைக்க வேண்டிய உடற்பகுதி, உருதுவில் பெண். இதில் கடைசி எழுத்தைப் பாருங்கள்: வட்டத் தே (ة) என்றால் அரபி அல்லது இன்றைய ஜாவி, நீட்டுத் தே (ت) என்றால் உருது, அல்லது பழைய ஜாவி.

கைப்பேசியில் தேடும்போது இன்னொரு பொறி உண்டு. அரபி விசைப்பலகையின் காஃபும் யேயும் உருதுவில் உள்ளவைபோலத் தெரிந்தாலும் கணினி எழுத்துகளை அடையாளம் காணும் யூனிகோடில் அவற்றின் எண்கள் வேறு. அதனால் சரியாகத் தட்டெழுதிய சொல்லும் அகராதியில் அகப்படாமல் போகலாம். விசைப்பலகையை அந்தந்த மொழிக்கு மாற்றித் தட்டுங்கள். ஜாவி என்றால் சொல்லை முதலில் ரூமி (ரோமன்) எழுத்துக்கு மாற்றி மலாய் அகராதியில் தேடுவதே சுலபம்.