கோள் உருவாக்கத்தில் பிஎச்.டி.: சேலத்திலிருந்து விண்ணப்பிப்பது எப்படி?

எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. கோள்கள் எப்படி உருவாகின்றன என்பதில் ஆராய்ச்சி செய்ய ஆசை. உடனே இணையத்தில் 'கோள் உருவாக்கத் துறை' என்று தேடுவோம், நம் நாட்டில் அந்தப் பெயரில் பெரும்பாலும் எதுவும் அகப்படாது. ஆனால் வேலை நடக்கிறது. விண்மீன் உருவாக்கம், வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்கள், விண்கற்கள், கணினி வானியற்பியல் என்று வேறு வேறு பெயர்ப்பலகைகளுக்குக் கீழே நடக்கிறது. அதனால் நிறுவனத்தின் பெயரில் தொடங்காமல், ஒரு கேள்வியில் தொடங்குங்கள். கைடு, ஊர், தேர்வு எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

படி 1: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

இளம் விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த ஒரு வட்டு சுழல்கிறது. சில பத்து லட்சம் ஆண்டுகளில் அதன் வாயு கலைந்துவிடும். வியாழன் போன்ற வாயுக்கோள் பிறக்க வேண்டுமானால் அதற்குள் பிறந்தாக வேண்டும். தூசி ஒட்டி ஒட்டிப் பெரிதாகும் என்று சொல்லிவிடலாம், ஆனால் ஒரு மீட்டர் அளவு வந்ததும் சிக்கல். வட்டின் வாயு தன் அழுத்தத்தின் தாங்கலால் கல்லைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. கல்லுக்கு எந்நேரமும் எதிர்க்காற்று. வேகம் குறைந்து, உள்ளே சரிந்துகொண்டே போகும். பூமி இருக்கும் தொலைவில் அப்படிப்பட்ட கல் சுமார் 100 ஆண்டுகளில் விண்மீனிடம் போய்ச் சேர்ந்துவிடும். இதற்கு ஒரு விடையை 2005-இல் யூடின், குட்மன் இருவரும் முன்வைத்தார்கள்: வாயுவும் துகள்களும் ஒன்றையொன்று இழுக்கும்போது துகள்கள் தாமாகவே திரண்டு நிற்கும். அந்தத் திரள் போதிய அடர்த்தி அடைந்தால் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி, மீட்டர் அளவைத் தாண்டிக் குதித்துவிடும்.

அப்புறம் 2014-இல் சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கி எச்.எல். டாரி என்ற விண்மீனைப் படமெடுத்தது. பத்து லட்சம் வயதுகூட ஆகாத விண்மீனின் வட்டில் வரிசையாக வளையங்கள். வளையத்தைக் கோள் செதுக்கியதா, வளையத்தில்தான் கோள் பிறக்கப் போகிறதா? இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2018-இல் பி.டி.எஸ். 70 என்ற விண்மீனின் வட்டு இடைவெளிக்குள் வளரும் கோள் ஒன்றே நேரடியாகத் தெரிந்தது.

ஜனவரியில் ஏற்காடு போனால் லேடீஸ் சீட் பக்கம் நின்று ஊர் விளக்குகளை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். விளக்கொளி இல்லாத இடமாகப் போய் ரோகிணி விண்மீனைத் தேடுங்கள். அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு பாகை, அதாவது நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம் தள்ளித்தான் எச்.எல். டாரி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, சுமார் 450 ஒளியாண்டு தூரம். இருந்தாலும் இடம் தெரிந்திருப்பது ஒரு சுகம்.

படிக்க: 2023-இல் கியோட்டோவில் நடந்த 'புரோட்டோஸ்டார்ஸ் அண்ட் பிளானட்ஸ்' மாநாட்டின் மீளாய்வுக் கட்டுரைகள், ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்து வைத்திருக்கும் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுக்கப் புரியாது, பரவாயில்லை. 'இது இன்னும் தெரியவில்லை' என்று அவர்களே எழுதும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் ஆய்வுத் தலைப்புகள் கிடக்கின்றன.

படி 2: உங்களுக்கு எந்த வாசல்?

மூன்று வாசல்கள். தொலைநோக்கித் தரவு, கணினிப் பாவனை, கல். முதலிரண்டும் இயற்பியல் மாணவர்களுக்குத் தெரிந்ததுதான். மூன்றாவதைச் சேலத்துக்காரர்கள் தவறவிடக் கூடாது.

மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே நம் ஊரில் இருக்கிறது. அந்த வெள்ளைக்கல் குன்றுகளில் மேக்னசைட்டோடு சேர்ந்து கிடக்கும் டூனைட் பாறை பெரும்பாலும் ஆலிவின் என்ற கனிமம். அதில் மக்னீசியம் மிகுந்த வகைக்குப் பெயர் ஃபார்ஸ்டரைட். இதே ஃபார்ஸ்டரைட் படிகத்தின் தடயம் ஹேல்-பாப் வால்மீனின் அகச்சிவப்பு நிறமாலையில் தெரிந்தது. வைல்டு 2 வால்மீனிலிருந்து ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006-இல் கொண்டுவந்த தூசியிலும் இருந்தது. வட்டின் தூசி இப்படிப் படிகமாக நல்ல சூடு வேண்டும், வால்மீனோ குளிரில் உருவாவது. சூடான இடத்துப் பொருள் எப்படி அவ்வளவு தூரம் வெளியே போனது? வட்டுக்குள் நடந்த கலப்பைப் பற்றிய நல்ல பிஎச்.டி. கேள்வி இது. நிலவியல் எம்.எஸ்சி. படித்தவர்கள் இந்த வாசல் வழியே தாராளமாக நுழையலாம். அகமதாபாதில் உள்ள பி.ஆர்.எல். (இயற்பியல் ஆய்வுக்கூடம்) நிறுவனத்தில் விண்கல் ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. அபு மலையில் பாரஸ் நிறமாலைமானியை வைத்துப் புறக்கோள் தேடுவதும் அதே நிறுவனம்தான்.

படி 3: சின்னதாக ஒன்றைச் செய்து காட்டுங்கள்

என் பார்வையில் மதிப்பெண்ணைவிட இது முக்கியம். பைத்தான் தெரியாவிட்டால் இன்றே ஆரம்பியுங்கள். பிறகு ஈர்ப்பில் பொருள்கள் எப்படி நகரும் என்று கணிக்கும் ரீபவுண்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, சூரியன், வியாழன், நடுவில் சில நூறு துகள்கள் என்று வைத்து ஓடவிடுங்கள். சாதாரண லேப்டாப் போதும். சூரியனிலிருந்து சுமார் 2.5 வானியல் அலகு (பூமியின் தொலைவைப் போல் 2.5 மடங்கு) தொலைவில், வியாழன் ஒரு சுற்று வருவதற்குள் மூன்று சுற்று வரும் துகள்களின் பாதை மெல்ல நீள்வட்டமாக இழுபடும். சிறுகோள் பட்டையில் அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்பது உங்கள் திரையிலேயே புரியும்.

தரவுதான் பிடிக்கும் என்றால், ஆல்மா தொலைநோக்கியால் எடுத்து 2018-இல் வெளியான டிஷார்ப் ஆய்வின் 20 வட்டுப் படங்கள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. ஒன்றை இறக்கி, விண்மீனிலிருந்து தூரம் கூடக்கூடப் பிரகாசம் எப்படி மாறுகிறது என்று வரைபடம் போடுங்கள். வளையங்கள் மேடு பள்ளமாகத் தெரியும். நிரலை கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போட்டுவிடுங்கள். விண்ணப்பத்தில் அந்த இணைப்பு பேசும்.

படி 4: இந்தியாவில் நுழைய

பிஎச்.டி. நுழைவுக்கான ஜெஸ்ட், நெட், கேட் மூன்றிலும் இயற்பியல் தாள் எழுதினால் போதும். வானியல் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. நெட் ஆண்டுக்கு இருமுறை, கேட் பிப்ரவரியில். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் உட்படப் பல இடங்களில் ஜெஸ்ட் மதிப்பெண் நேர்காணல் வரை கொண்டுபோகும். காவலூர் ஆய்வகமும் இதே நிறுவனத்தினுடையது. திருப்பத்தூர் வரை ரயில், அப்புறம் ஜவ்வாது மலை. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியை விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி.

படி 5: வெளிநாடு

ஐரோப்பாவில் பெரும்பாலும் எம்.எஸ்சி. கட்டாயம், மூன்று அல்லது நான்கு ஆண்டுகள், பல நாடுகளில் மாணவரல்ல, சம்பளம் வாங்கும் ஊழியர். ஜெர்மனியில் ஹைடல்பர்க் மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனம், நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழகம், சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகம் ஆகியவை இந்தத் துறையில் வலுவான இடங்கள். அமெரிக்காவில் ஐந்து, ஆறு ஆண்டுகள், விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில். ஐரோப்பியப் பருவம் நவம்பரிலேயே தொடங்கிவிடும். அமெரிக்க வானியல் கழகத்தின் வேலைப் பதிவேட்டை மாதாமாதம் பாருங்கள். ஐரோப்பியப் பணியிடங்களும் அதில் வரும். விண்ணப்பக் கட்டணம் அதிகமாகத் தெரிந்தால் விலக்கு கேட்கலாம், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

படி 6: மின்னஞ்சலும் பரிந்துரையும்

'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி நாற்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் பதில் வராது. 'டியர் டாக்டர்' போட்டுக் குடும்பப் பெயர் எழுதினால் போதும். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். பிறகு நீங்கள் செய்த சின்ன வேலையின் இணைப்பு. அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் நம் பக்கம் பலர் சறுக்குகிறார்கள். "நீயே எழுதிட்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடுறேன்" என்பது நம் கல்லூரிகளில் சகஜம். வெளிநாட்டு விண்ணப்பங்களில் அது செல்லாது. கடிதம் கேட்கும் லிங்க் ஆசிரியருக்கு நேரே போகும், அவரே பதிவேற்ற வேண்டும், கல்லூரி மின்னஞ்சல் முகவரியாக இருந்தால் நம்பகம். எனவே ஒரு மாதம் முன்பே போய்ச் சொல்லுங்கள். நீங்கள் செய்த புராஜெக்ட், அதில் எங்கே திணறினீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் எழுத விஷயம் கிடைக்கும். டிரான்ஸ்கிரிப்ட்டுக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூருக்கு பஸ் பிடித்து அலைய வேண்டாம். அரியர் இருந்திருந்தால் மறைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலே சொல்லிவிடும், காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

படி 7: இடம் கிடைத்தால்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் உதவித்தொகையோடு இடம் கொடுத்தால் ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தரும். ஐரோப்பாவில் ஓரிரு வாரங்களிலேயே அவர்கள் பதில் கேட்கலாம். ஆம் என்று சொல்லும் முன், அந்தக் குழுவில் இப்போது இருக்கும் ஒரு மாணவரிடமும் முடித்துப் போன ஒருவரிடமும் பேசுங்கள்: கைடு வாரம் ஒருமுறையாவது சந்திப்பாரா, கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு, நாலாம் ஆண்டு பணம் எங்கிருந்து வருகிறது.