குதிரை திடீரென முரண்டு பிடிக்கிறதா? காரணத்தைத் தேட ஒரு வரிசை

நேற்றுவரை ஒழுங்காகப் போன குதிரை, இன்று கேண்டர் (மிதமான பாய்ச்சல் ஓட்டம்) கேட்டதும் பின்னங்காலை உதைத்துத் துள்ளுகிறது. அல்லது மைதானத்தின் ஒரே மூலையில் நின்றுகொண்டு நகர மறுக்கிறது. சுற்றி நிற்பவர்கள் உடனே சொல்வது: "சண்டித்தனம் பண்ணுது, ரெண்டு போடு." நான் ஏறும் பெண் குதிரை வலப்பக்கக் கேண்டரில் மட்டும் துள்ள ஆரம்பித்தபோது எனக்கும் இதே அறிவுரைதான் கிடைத்தது. காரணம் கடைசியில் சேணத்துக்குள் ஒளிந்திருந்தது. அதைத் தேடிப் பிடித்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். சேணம் பூட்டவும் மூன்று நடைகளிலும் (நடப்பது, ட்ராட் எனும் மெல்லோட்டம், கேண்டர்) ஓட்டவும் தெரிந்தவர்களுக்கான பதிவு இது.

குதிரை முன்னங்காலைத் தூக்கி எழும்புகிறது, அல்லது பிடியை மீறி ஓடுகிறது என்றால் மேலே உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டாம். கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை ஏறாதீர்கள்.

படி 1: துள்ளலுக்கு முந்தைய நொடிகளைப் பாருங்கள்

எந்த நடை, எந்தப் பக்கம், நீங்கள் அப்போது என்ன கேட்டீர்கள், என்ன கடந்து போனது. நினைவை நம்பாதீர்கள்; கைப்பேசியை ஸ்டாண்டில் வைத்துப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். "திடீரென்று" செய்தது என்று நாம் சொல்வதற்கு முன்பே காது பின்னால் மடங்கியிருக்கும், வால் சுழன்றிருக்கும், வாய் பிளந்திருக்கும்.

பிரிட்டனின் கால்நடை மருத்துவர் சூ டைசன் குழுவினர் 2018இல் வெளியிட்ட பட்டியல் இதற்குக் கைகொடுக்கும். சவாரியின்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகள் அதில் உண்டு. 8 அல்லது அதற்கு மேல் தென்பட்டால் தசை, எலும்பு, மூட்டு வலி இருக்க வாய்ப்பு அதிகம். துள்ளுவது, எழும்புவது, முன்னே போகத் தயங்குவது எல்லாமே பட்டியலில் இருக்கின்றன. கூடவே பின்னங்குளம்பின் நுனி தரையில் இழுபடுவது, கடிவாள இரும்பு ஒரு பக்கமாகவே இழுபட்டு நிற்பது போன்ற, நாம் கண்டுகொள்ளாத விஷயங்களும்.

படி 2: உடம்பு

கால்களில் சூடு, வீக்கம் இருக்கிறதா, குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்பதையெல்லாம் எப்படியும் பார்ப்பீர்கள். பலர் விடுவது வாயை. குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும் கீழ்ப்பற்களின் உள் ஓரமும் கூராகி, கன்னத்தையும் நாக்கையும் கீறும். லகானைப் பிடித்ததும் தலையை உதறும் குதிரைக்கு முதலில் பல் பாருங்கள்.

படி 3: சேணம்

என்னை அதிகம் அலைக்கழித்த படி இதுதான்.

அடித்துணி இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வையுங்கள். கழுத்து முடியும் இடத்திலுள்ள மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். முதுகெலும்பில் எங்கும் படக் கூடாது. கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. இத்தனையிலும் என் சேணம் தேறிவிட்டது. பெரும்பாலானவர்கள் இங்கேயே "பொருத்தம்தான்" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்தாதீர்கள். வயிற்றுவாரை இறுக்கிவிட்டு, உள்ளங்கை மேலே பார்க்க, சேணத்தின் அடிமெத்தைக்குக் கீழே முன்னாலிருந்து பின்னால் மெல்லக் கையை நகர்த்துங்கள். அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். முன்னால் விரல்கள் நசுங்கி, நடுவில் கை சும்மா வழுக்கிப் போய், பின்னால் மறுபடி நசுங்கினால், சேணம் இரண்டு முனையில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ஒருவரை மேலே உட்காரவைத்து, இதே கைச்சோதனையை இரண்டு பக்கமும் தனித்தனியாக மறுபடி செய்யுங்கள். என் விஷயத்தில் இடப்பக்கம் சரியாக இருந்தது. வலப்பக்கம் உள்ளே அடைத்த கம்பளி அமுங்கிப்போய், ஆள் ஏறியதும் சேணம் வலப்பக்கம் சரிந்தது.

அப்புறம் வியர்வைத் தடம். நன்றாக வியர்க்கும் அளவுக்கு ஓட்டிவிட்டு, சேணத்தைக் கழற்றிய உடனே, காய்வதற்குள் பாருங்கள். முதுகெலும்பின் மேல் மட்டும் உலர்ந்து, இரண்டு பக்கமும் சீராக நனைந்திருந்தால் நல்லது. ஈரத்துக்கு நடுவே உள்ளங்கை அளவுக்கு ஒரு உலர்ந்த திட்டு தெரிந்தால் குழம்பாதீர்கள். அந்த இடத்தில் அழுத்தம் அதிகமாகி வியர்க்க முடியாமல் போயிருக்கலாம், அல்லது சேணம் படவே இல்லாமலும் இருக்கலாம். எது என்பதை முன்பு செய்த கைச்சோதனை சொல்லிவிடும். சேணம் படியும் இடத்தில் புதிதாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய அழுத்தத்தின் தழும்பு.

ஜெல் பேட் (சேணத்தடியில் வைக்கும் மெத்தை) வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். குறுகலான சேணத்துக்கு அடியில் தடிமன் சேர்த்தால் இன்னும்தான் இறுகும். அந்தக் காசைச் சேணம் பொருத்துபவரிடம் கொடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிடுங்கள், முதலில் சேணம் இல்லாமல், பிறகு சேணத்தோடு. சேணம் ஏறியதும்தான் துள்ளுகிறது என்றால் சேணம், முதுகு, வயிற்றுவார் ஆகியவற்றில் தேடுங்கள். சேணம் இல்லாமலே துள்ளினால் கால், வயிறு, பயம்.

படி 4: தீனி

குதிரையின் இரைப்பை சாப்பிடாதபோதும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாளின் பெரும்பகுதி மேய்வதற்காகவே அமைந்த உடம்பு அது. வெறும் வயிற்றில் வேகமாக ஓட்டினால் அமிலம் இரைப்பையின் பாதுகாப்பில்லாத மேல்பகுதியில் தெறித்துப் புண்ணாக்கும். வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வரும் குதிரைக்கு இதைச் சந்தேகிக்கலாம். ஏறுவதற்கு முன் கொஞ்சம் காய்ந்த புல் கொடுப்பது நல்ல பழக்கம். தானியம் நிறைய, வேலை குறைவு என்றாலும் ஆட்டம் காட்டும். பெண் குதிரை என்றால் தேதியையும் குறித்து வையுங்கள்; 21 நாள் சுழற்சியோடு முரண்டு ஒத்துப்போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 5: கண்ணும் நீங்களும்

குதிரைக்குத் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாமே தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு அதன் கண் பழக நம்மைவிட நேரமாகும். கொட்டகை வாசலில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். கொஞ்சம் நேரம் கொடுங்கள், போகும்.

பயம் மேலிருந்தும் வரும். ஸ்வீடனில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், சிலரை ஒரே பாதையில் குதிரையோடு நான்கு முறை போகச் சொன்னார்கள். நான்காவது முறைக்கு முன் "இப்போது குடை விரிப்போம்" என்றார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதருக்கும் குதிரைக்கும் இதயத்துடிப்பு ஏறியது.

காலால் "போ" என்று அழுத்திக்கொண்டே கையால் லகானை இழுக்கிறீர்களா என்பதையும் வீடியோவில் பாருங்கள். கேட்டதைச் செய்த அந்த நொடியே அழுத்தத்தை விட வேண்டும். விடாவிட்டால், எதற்குப் பதில் சொல்வது என்று அதற்குத் தெரியாது. துள்ளல் பயத்தில் லகானைத் தொங்கிப் பிடிப்பவர்கள் குதிரையின் கழுத்தில் ஒரு தோல்பட்டை மாட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடுமையான கடிவாள இரும்புக்கு மாறுவதைவிட நூறு மடங்கு மேல்.

பின்சேர்க்கை: "சேணத்தைச் சரிசெய்தும் அதே மூலையில் துள்ளுகிறதே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். வலி போனாலும் நினைவு உடனே போகாது. வேறு இடத்தில், நடக்கவைப்பதில் தொடங்கி, கேண்டரை நாலைந்து அடியோடு நிறுத்திப் பாராட்டுங்கள். சில வாரங்கள் பிடிக்கும். அப்போதும் மாறவில்லை என்றால் மீண்டும் படி 2.

இன்னொருவரின் குதிரை வெயிலில் மட்டும் தலையை மேலும் கீழுமாக வெட்டி வெட்டி ஆட்டுகிறதாம், லாயத்தில் சும்மா நிற்கும்போதும்கூட. அது இந்த வரிசையில் அடங்காது. முகத்து நரம்பின் கூச்சத்தால் இப்படி வருவதுண்டு; சில குதிரைகளுக்கு மூக்கின் மேல் வலை மாட்டினால் குறையும். வலை வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.